விதையிலிருந்து வெள்ளி பிர்ச் வளர்ப்பது எப்படி?

வெள்ளைப் பட்டையும் தொங்கும் கிளை நுனியுமாக நிற்கும் வெள்ளி பிர்ச்சைப் பலர் அழகுக்காகவே வைக்கிறார்கள். பின்லாந்துக்காரர்களுக்கு இது பிளைவுட்டும் வெனீரும் (மெல்லிய மரத்தகடு) தரும் மரம், தேசிய மரமும்கூட. குளிர்காலம் நன்றாகக் குளிரும் ஊர் என்றால் நீங்களே விதை போட்டு வளர்க்கலாம். வெப்பமான சமவெளியில் ஆசைப்பட வேண்டாம்.

முதலில் விதை. கோடை முடிவில் காய்ச்சரம் பழுப்பாகும். விரலால் தேய்த்ததும் உதிர்ந்தால் பறிக்கலாம். வெள்ளைத் தாளில் உதிர்த்துப் பாருங்கள், இரண்டு வகைத் துணுக்கு இருக்கும். பறக்கும் பறவை மாதிரி இருப்பது வெறும் செதில். கடுகைவிடச் சின்ன புள்ளிக்கு இரண்டு பக்கமும் கண்ணாடிச் சிறகு ஒட்டியிருந்தால் அதுதான் விதை. பிரித்தெடுக்க மெனக்கெட வேண்டாம். பொக்கு நிறைய இருக்கும், தாராளமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து குளிர். விதையை ஈர மணலோடு கலந்து ஒரு பையில் போட்டு, ஃபிரிட்ஜில் 4 டிகிரி அளவில் 4 முதல் 8 வாரம் வையுங்கள். ஃப்ரீசர் வேண்டாம்.

அப்புறம் விதைப்பு. முதல் தடவை நான் அரை அங்குலம் மண் போட்டு மூடிவிட்டு ஒரு மாதம் காத்திருந்தேன்; ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. பிர்ச் விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். தொட்டியில் ஈரமான மண் கலவையின் மேல் விதையைத் தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் போதும். தண்ணீரை ஊற்றாமல் தெளியுங்கள், இல்லாவிட்டால் விதை எல்லாம் ஒரு மூலையில் ஒதுங்கிவிடும். 15 முதல் 20 டிகிரி வெப்பத்தில் சில வாரங்களில் முளை தெரியும்.

நாலைந்து இலை விட்டதும் தனித்தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். இலையுதிர்ந்து ஓய்வில் இருக்கும்போது, நல்ல வெயில் விழும் இடத்தில் நடலாம். வேர் மேலாகவே பரவும் என்பதால் முதல் இரண்டு கோடையில் தண்ணீர் தவறக்கூடாது. வீட்டுச் சுவரை ஒட்டி நடாதீர்கள்; 20 மீட்டருக்கு மேலும் உயரும். மகரந்த ஒவ்வாமை உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் நடுவதற்கு முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

கிளை வெட்டுவதைக் கோடைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். வசந்தத் தொடக்கத்தில் கத்தரி வைத்தால் வெட்டுவாயிலிருந்து சாறு சொட்டிக்கொண்டே இருக்கும்.

சரி, தண்டு ஏன் இன்னும் பழுப்பாகவே இருக்கிறது? இளங்கன்று அப்படித்தான் இருக்கும். பட்டை வெளுக்கச் சில வருடம் ஆகும், வேறு மரத்தை வளர்த்துவிட்டோமோ என்று பிடுங்கிவிடாதீர்கள்.