பழைய கம்ப்யூட்டர் வாங்கும்போது டிஸ்கின் வயதைக் கேளுங்கள்

திண்டிவனத்தில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கல்லூரி பிராஜெக்ட், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பட்டா விண்ணப்பம் எல்லாம் செய்கிறோம். 2014-ல் கடை திறந்ததிலிருந்து ஒன்பது கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறேன். ஒன்றுகூடப் புதியது இல்லை. எல்லாமே ஏதோ ஒரு அலுவலகத்தில் ஓடி, கழித்துவிடப்பட்டு, துடைத்துச் சரிபார்த்து மறுபடி விற்பனைக்கு வந்தவை. அதற்காக நான் வருத்தப்பட்டதே இல்லை. வருத்தப்பட்டதெல்லாம் ஒரு ஹார்டு டிஸ்குக்காகத்தான்.

முதல் மெஷினை 7,500 ரூபாய்க்கு வாங்கினேன். உள்ளே 500 ஜிபி டிஸ்க். பதினான்கு மாதம் ஒழுங்காக ஓடியது. ஒரு திங்கட்கிழமை காலை பவர் பட்டனை அழுத்தினால் டிக், டிக், டிக் என்று சுவர்க் கடிகாரம் மாதிரி ஒரு சத்தம். சற்று நிற்கும், மறுபடி சுழலும், மறுபடி டிக். பதறிப்போய் நிறுத்தி நிறுத்திப் போட்டேன், பத்து முறையாவது இருக்கும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தினமும் சாயங்காலம் கடைக்கு வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தன் குடும்ப வரலாற்றைச் சொல்வார். அவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். 140 பக்கம் வந்திருந்தது. எல்லாம் அந்த டிஸ்கில் மட்டும்தான் இருந்தது. பிழை பார்க்க எடுத்த 62 பக்கப் பிரிண்ட் மட்டும் மிஞ்சியது. மீதியை அவர் மறுபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். முடிக்க அவருக்கு நாள் இல்லாமல் போய்விட்டது.

அதனால்தான் யார் பழைய கம்ப்யூட்டர் வாங்கப் போகிறேன் என்றாலும் முதலில் டிஸ்கைப் பற்றிப் பேசுகிறேன். பழைய பைக் வாங்கினால் இன்ஜினைப் பார்த்து வாங்குவோம், டயரை நம் கணக்கில் மாற்றிக்கொள்வோம். இங்கேயும் அப்படித்தான். பிராசஸரிலும் ராமிலும் அசையும் பாகம் எதுவும் கிடையாது. ஐந்தாறு வருடம் ஏசி அறையில் இருந்த மெஷின் இன்னும் பல வருடம் உழைக்கும். ஹார்டு டிஸ்க் வேறு. டெஸ்க்டாப் டிஸ்கின் தட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது ஒரு நொடிக்கு 120 சுற்று சுற்றுகிறது. படிக்கும் ஹெட், தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தேய்கிற பொருள் அது.

எத்தனை வருடம் வரும் என்று கேட்டால், கையிலிருக்கும் நல்ல கணக்கு, இணையத்தில் பேக்கப் சேவை தரும் பேக்பிளேஸ் நிறுவனம் கொடுப்பது. ஆயிரக்கணக்கான டிஸ்குகளை இரவு பகலாக ஓட்டுபவர்கள். 2013-ல் அவர்கள் வெளியிட்டபடி, முதல் ஒன்றரை வருடத்தில் ஆண்டுக்கு 5.1 சதவீத டிஸ்குகள் போயின. அடுத்த ஒன்றரை வருடத்தில் 1.4 சதவீதம்தான், மூன்று வருடம் தாண்டியதும் 11.8 சதவீதமாக ஏறியது. நான்கு வருட முடிவில் 80 சதவீதம் உயிரோடு இருந்தன. இப்போதைய டிஸ்குகள் மேல். 2024-க்கு அவர்கள் சொன்ன ஆண்டு விகிதம் 1.57 சதவீதம். ஆனால் அதெல்லாம் குளிரூட்டிய டேட்டா சென்டரில். நம் கடையில் ரோட்டுப் புழுதி, மே மாத வெயில், நாளில் நாலு தடவை போய்ப் போய் வரும் கரண்ட். அதனால் பழைய மெஷினோடு வந்த டிஸ்கை நாளைக்கே போகலாம் என்ற எண்ணத்தோடுதான் பயன்படுத்துகிறேன். அப்படியும் என்னிடம் ஒன்று ஒன்பது வருடமாக ஓடுகிறது.

சரி, வாங்கும் விஷயத்துக்கு வருவோம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை பிராசஸராவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். 6, 7-ஆம் தலைமுறை மெஷின்கள் மலிவாகக் கிடைப்பதற்கு இதுதான் காரணம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக்கொள்கிறவர்களுக்கு அவை நல்ல பேரம். மற்றவர்கள் ஐ5-க்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள்: 8250 என்றால் 8-ஆம் தலைமுறை, 6200 என்றால் 6-ஆம் தலைமுறை. “ஐ5 இருக்கு” என்று மட்டும் சொன்னால் அது எதையும் சொல்லவில்லை. லேப்டாப்பில் நான் விரும்புவது திங்க்பேட் டி480, லாட்டிட்யூட் 7490 மாதிரியான அலுவலக மாடல்கள். ராம் போட இரண்டு இடம் இருக்கும், டிஸ்கை நாமே மாற்றலாம். அடுத்து வந்த டி490-ல் ராமின் ஒரு பகுதியைப் போர்டிலேயே பற்றவைத்துவிட்டார்கள்.

கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்கு நான் போகும்போது பையில் ஒரு பென் டிரைவ் இருக்கும். அதில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள். இன்ஸ்டால் செய்யத் தேவையில்லாத ஜிப் பதிப்பு. கடைக்காரரிடம், “அண்ணா, டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு பார்த்துக்கட்டுமா?” என்று கேட்பேன். நல்ல வியாபாரி உடனே மெஷினை நம் பக்கம் திருப்பி வைப்பார். “அதெல்லாம் கம்பெனி பீஸ்க்கா, பார்க்கவே வேண்டாம்” என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவேன்.

திறந்ததும் வலப்பக்கம் மேலே பவர் ஆன் ஹவர்ஸ் இருக்கும், டிஸ்க் ஓடிய மொத்த மணி நேரத்தைக் காட்டும் மீட்டர். அலுவலக மெஷின் நாளைக்குப் பத்து மணி நேரம், வருடம் 300 நாள் ஓடினால் 3,000 மணி நேரம். ஐந்து வருட மெஷினில் 15,000 காட்டினால் கணக்கு சரி. 43,800 என்றால் ஐந்து வருடம் நிறுத்தாமல் ஓடியது. சர்வரிலிருந்தோ சிசிடிவி பெட்டியிலிருந்தோ கழற்றிப் போட்டிருக்கலாம். டிஸ்கின் லேபிளில் பெரும்பாலும் தயாரிப்புத் தேதி இருக்கும். லேபிள் 2016 சொல்லி, மீட்டர் 40 மணி நேரம் சொன்னால் மீட்டரில் யாரோ கைவைத்திருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். இது நடக்கிற காரியம்தான். புதியது என்று கடைகளில் விற்ற சீகேட் டிஸ்குகள் பல, ஏற்கெனவே பல்லாயிரம் மணி நேரம் ஓடி மீட்டர் அழிக்கப்பட்டவை என்று 2025 ஜனவரியில் ஜெர்மனியின் ஹைஸ செய்தித்தளம் வெளிக்கொண்டுவந்தது.

அப்புறம் கீழே உள்ள பட்டியல். டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே குறித்துவைக்கும் எண்கள் அவை. அதில் மூன்று வரி போதும்: 05, சி5, சி6. கெட்டுப்போன இடத்தை டிஸ்க் ஒதுக்கிவைத்து வேறு இடத்தைப் பயன்படுத்தினால் அந்த எண்ணிக்கை 05-ல் ஏறும். படிக்க முடியாமல், என்ன செய்வதென்று முடிவாகாமல் நிற்கும் இடங்கள் சி5-ல். சரிசெய்யவே முடியாதவை சி6-ல். மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இந்த மென்பொருள் எண்களைப் பதினாறடிமானத்தில் காட்டும். 10 என்று தெரிந்தால் அது 16. மெனுவில் ரா வேல்யூஸ் என்ற இடத்தில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மேலே நீல நிறத்தில் ‘குட்’ என்று வருவதை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள்.

பூஜ்யம் என்றால் பயமில்லையா என்றால், அப்படிச் சொல்ல முடியாது. கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 2007-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்தார்கள். செத்துப்போனவற்றில் பாதிக்கும் மேல், 56 சதவீதம், அவர்கள் முக்கியம் என்று எடுத்துக்கொண்ட நான்கு எச்சரிக்கை எண்களில் ஒன்றுகூட ஏறாமலே போயின. ஆனால் டிஸ்க் தன் தட்டைத் தானே சோதிக்கும்போது முதல் பிழை வந்துவிட்டால், அது அடுத்த 60 நாளுக்குள் போகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு. அதாவது எண் ஏறினால் நம்புங்கள். ஏறவில்லை என்பதை வைத்து நிம்மதியாக இருக்காதீர்கள்.

சி7 என்று ஒரு வரி ஏறினால் மட்டும் அவசரப்பட்டு டிஸ்கை ஒதுக்க வேண்டாம். அது பெரும்பாலும் கேபிள் தகராறு. என் இரண்டாவது மெஷினில் அது தினமும் ஏறியது. டிஸ்கை போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றினேன், அன்றோடு நின்றது. பழைய எண் அப்படியே இருக்கும், குறையாது.

கடையிலேயே பார்க்க வேண்டிய மற்றவை சீக்கிரம் முடியும். மெஷினை அணைத்துப் போட்டு, விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கும் பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போங்கள். பாஸ்வேர்டு கேட்டால் வாங்காதீர்கள். விண்டோஸைப் புதிதாகப் போட்டு இணையத்தில் இணைக்கும்போது ஏதோ ஒரு கம்பெனியின் பெயரோடு லாகின் கேட்டால் அது இன்னும் அந்தக் கம்பெனியின் பிடியில் இருக்கிறது, அதையும் விடுங்கள். லேப்டாப் பேட்டரிக்கு விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். வடிவமைத்த கொள்ளளவில் பாதிகூட இல்லையென்றால் புது பேட்டரி விலையைக் குறைத்துக் கேளுங்கள். எல்லா கீயையும் ஒரு தடவை அடித்துப் பாருங்கள். ‘டெஸ்டிங் வாரண்டி’ என்று வாயால் சொல்வதை எத்தனை நாள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள், சீரியல் எண்ணோடு.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்யும் முதல் வேலை, விண்டோஸுக்குப் புதிய எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) ஒன்று போடுவது. மெஷினின் வேகம் அப்படி மாறும், நம்பவே மாட்டீர்கள். வந்த ஹார்டு டிஸ்க் நன்றாக இருந்தால் முழுவதையும் ஒருமுறை படிக்கவிட்டு (1 டிபிக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும்) பழைய வேலைகளை வைக்கும் இரண்டாவது டிஸ்காக விட்டுவிடுவேன். எஸ்எஸ்டியை மட்டும் நம்பியும் இருக்கக் கூடாது. அது டிக் டிக் என்றுகூடச் சொல்லாமல் ஒரு நாள் காணாமல் போகும். கரண்ட் கொடுக்காமல் வருடக்கணக்கில் பீரோவில் வைத்தாலும் உள்ளிருப்பது அழியக்கூடும்.

ஆகவே எந்த ஃபைலும் மூன்று இடத்தில். மெஷினில் ஒன்று, வெளி டிஸ்கில் ஒன்று, விழுப்புரத்தில் அக்கா வீட்டு அலமாரியில் ஒன்று. அக்கா வீட்டு டிஸ்கை மாதம் ஒருமுறை மாற்றி வருகிறேன். யுபிஎஸ் இல்லாமல் டெஸ்க்டாப் போடுவதே இல்லை.

கல்லாப் பெட்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, கடை திறந்ததும், ஒவ்வொரு டிஸ்குக்கும் ஒரு வரி: மணி நேரம், 05, சி5, சி6. ஐந்து நிமிட வேலை. ஒரு டிஸ்கில் 05 இரண்டு வருடமாக 8 என்றே நின்றது, பேசாமல் விட்டேன். அடுத்த மாதம் 24 ஆனது, அதற்கடுத்த வாரமே 88. அன்று மதியமே எல்லாவற்றையும் வேறு டிஸ்குக்கு மாற்றிவிட்டேன். இருபது நாளில் அது போயே போனது. ஒரு ஃபைல்கூட இழக்கவில்லை.

சி5 ஏறினால் செய்ய வேண்டிய வரிசை முக்கியம். முதலில் நகல் எடுங்கள், அதிலும் வேறு எங்கும் இல்லாததை முதலில். சோதனை, ஸ்கேன், ரிப்பேர் எல்லாம் அதற்குப் பிறகு. தள்ளாடும் டிஸ்கை முழுவதும் ஸ்கேன் செய்தால் அந்த உழைப்பிலேயே அது போய்விடலாம். டிக் டிக் சத்தம் கேட்டுவிட்டால் அந்த நொடியே பவரை எடுத்துவிடுங்கள். நான் செய்தது போல மறுபடி மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் ஹெட் தட்டைக் கீறக்கூடும். ஃப்ரீசரில் வைக்கச் சொல்வார்கள், வைக்காதீர்கள். திறந்தும் பார்க்காதீர்கள். அப்படியே ஒரு உறையில் போட்டு, டேட்டா ரெகவரி செய்கிறவர்களிடம் கொண்டுபோய், “ஒரு தடவைதான் ஆன் செய்தேன்” என்று சொல்ல முடிகிற நிலையில் கொடுங்கள்.