சர்க்கரை நோயாளிகள் களியை எவ்வளவு உண்ணலாம்?

மாவுச்சத்தைக் குறைக்கும் முறை, கொழுப்பைக் குறைக்கும் முறை, நேரம் வரையறுத்து உண்ணும் முறை என எதைப் பின்பற்றினாலும், மொத்தக் கலோரி சமமாக இருந்தால் ஓராண்டில் குறையும் எடையில் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. உணவுக்குப் பிந்தைய சர்க்கரையைக் குறைப்பதில் முதல் முறையே விரைவாகப் பலன் தருகிறது. வேலூர்ப் பகுதியில் மாவுச்சத்தைக் குறைப்பதாக எண்ணி, சோற்றை விட்டுவிட்டுக் கேழ்வரகுக் களியை அளவின்றி உண்பவர்களைப் பார்க்கும்போது கவலையாக இருக்கிறது. அதில் நார்ச்சத்தும் கால்சியமும் மிகுதியெனினும், மாவுச்சத்து அரிசியைவிடச் சற்றே குறைவு, அவ்வளவுதான். தட்டில் கால் பங்கு களி, கால் பங்கு பருப்போ மீனோ, மீதிப் பாதி கீரையும் இலவம்பாடி முள் கத்தரிக்காய் போன்ற காய்களும் இருக்கட்டும். இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாவுச்சத்தைத் திடீரெனக் குறைக்கக் கூடாது. இரத்தச் சர்க்கரை 70 மி.கி./டெ.லி. அளவுக்குக் கீழே இறங்கிவிடக்கூடும்.