சூப்பர்நோவா டேட்டாவுல கை வைக்கறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னைல இப்ப நெறைய காலேஜ் பசங்க டெலஸ்கோப்பையே தொடாம சூப்பர்நோவா, அதாவது வெடிச்சுச் சிதறற நட்சத்திரம், அத வெச்சு வேலை பண்றாங்க, கலிஃபோர்னியா பாலோமர்ல இருந்து வானத்தத் திரும்பத் திரும்பப் படம் எடுக்கற இசட்டிஎஃப் சர்வே, புதுசா ஏதாவது தெரிஞ்சா போடற அலர்ட் எல்லாருக்கும் ஓப்பன், ஒரு லேப்டாப்பும் நெட்டும் இருந்தா போதும். ரொம்ப சந்தோஷமா இருக்கு. ஆனா அவங்களோட உக்காந்து பாக்கறப்ப, எங்க செட்டு ஆரம்பத்துல பண்ண அதே தப்புங்க அப்படியே திரும்ப வருது. ஃபோகஸ் போனது, ஃப்ளாட் (கேமரா எல்லா இடத்துலயும் சீரா பதியுதான்னு சரிபாக்கற படம்) எடுக்க மறந்தது இதெல்லாம் தானா புரிஞ்சிடும், அத விட்டுடறேன்.

நகருதான்னு பாக்காம அறிவிக்கறது

புதுசா ஒரு புள்ளி தெரிஞ்சா, சூப்பர்நோவான்னு சொல்றதுக்கு முன்னாடி அரை மணி நேரம் விட்டு இன்னொரு படம் பாருங்க. ஆஸ்டராய்டா இருந்தா நகந்திருக்கும். 2018 மார்ச்ல அனுபவமுள்ள வானியலாளர் ஒருத்தரே தனுசு ராசிப் பக்கம் பிரகாசமா புதுசா ஒண்ணு தெரியுதுன்னு அஸ்ட்ரானமர்ஸ் டெலிகிராம்ங்கற வானியல் அறிவிப்புத் தளத்துல உலகத்துக்கே அறிவிச்சு, அது செவ்வாய் கிரகம்னு தெரிஞ்சு உடனே வாபஸ் வாங்க வேண்டியதா போச்சு.

கேலக்ஸி வெளிச்சத்தையும் சேர்த்து அளக்கறது

இதப் பாத்தா மட்டும் எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கல, ஏன்னா இது தப்புன்னே தெரியாது, கர்வ் (நாளாக நாளாக வெளிச்சம் எப்படி மாறுதுன்னு காட்டற கோடு) அவ்ளோ அழகா வரும்.

சூப்பர்நோவா வெறும் கறுப்பு வானத்துல வெடிக்கறதில்ல, ஒரு கேலக்ஸிக்குள்ள வெடிக்குது. நீங்க அது மேல ஒரு வட்டம் போட்டு உள்ள இருக்கற வெளிச்சத்த கூட்டறீங்க, அது ரங்கநாதன் தெரு நடுவுல நின்னு ஒரே ஒரு கடை பல்ப்ப மட்டும் மீட்டர்ல அளக்கறேன்னு சொல்ற மாதிரி. கணக்கு போட்டுப் பாருங்க. மேக்னிட்யூட்ங்கறது வெளிச்சத்த சொல்ற அளவு, எண் கூடக்கூட மங்கல்னு அர்த்தம். சூப்பர்நோவா 19 மேக்னிட்யூட், வட்டத்துக்குள்ள விழற கேலக்ஸி வெளிச்சமும் 19னு வைங்க, நீங்க அளக்கறது 18.25. கொஞ்ச நாள்ல சூப்பர்நோவா 21க்கு மங்கிடுது, ஆனா உங்க அளவு 18.84. நெஜத்துல 2 மேக்னிட்யூட் எறங்கிருக்கு, உங்க கிராஃப்ல 0.6 கூட இல்ல. அதுக்கப்புறம் அது எவ்ளோ மங்கினாலும் கோடு 19ல படுத்துக்கும்.

ஒரு தம்பி இப்படித்தான் வந்தான். "அக்கா, கர்வ் ஃப்ளாட் ஆகுதுக்கா, சுத்தி இருக்கற கேஸ்ல போய் மோதுது போல"ன்னு கண்ணெல்லாம் பளபளன்னு. அப்படி மோதி மங்காம நிக்கறது நெஜமாவே நடக்கும், அதுதான் இதுல ஆபத்து, தப்பான கோட்டுக்கும் சரியான ஒரு விளக்கம் ரெடியா கெடைக்குது. போஸ்டர் அடிச்சாச்சு, பெரிய டெலஸ்கோப்புல ஸ்பெக்ட்ரம் (வெளிச்சத்த நிறம் நிறமா பிரிச்சுப் பாக்கறது) எடுக்க ப்ரபோசலும் போயிடுச்சு. வெடிக்கறதுக்கு முன்னாடி அதே எடத்த எடுத்த படத்த, டெம்ப்ளேட்னு சொல்வோம், அத கழிச்சுப் பாத்தா ஃப்ளாட்டக் காணோம், வெடிப்புலேர்ந்து வந்த கதிரியக்க கோபால்ட்-56 சிதையற கணக்குக்கு 100 நாளைக்கு சுமார் ஒரு மேக்னிட்யூட்னு நேரா எறங்கிட்டு இருக்கு. ஒரு செமஸ்டர் போச்சு. ஆரம்பத்துலயே ஒருத்தராவது "டெம்ப்ளேட் எங்க?"ன்னு கேட்டிருக்கணும்.

பிரகாசமா இருக்கறப்ப இந்தத் தப்பு கண்ணுல படாது. 2023 மே மாசம் எம்101 கேலக்ஸில வெடிச்ச எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப் உச்சத்துல 11 மேக்னிட்யூட் பக்கம் இருந்துச்சு, பின்னாடி இருந்த கேலக்ஸி கை வெளிச்சம் அப்ப ஒரு பொருட்டே இல்ல. மங்க மங்கத்தான் தப்பு பெருசாகும். அதோட சீயிங், அதாவது காத்து அசைவால படம் எவ்ளோ கலங்குதுங்கறது, ஒவ்வொரு ராத்திரியும் மாறும், கேலக்ஸி நடுப்பகுதி வெளிச்சம் வட்டத்துக்குள்ள கூடக்கொறைய கசியும், அந்த மேடு பள்ளத்துக்கும் எவனாவது ஒரு தியரி சொல்வான்.

அதனால டெம்ப்ளேட் இல்லாம அளக்காதீங்க. டெக்ளினேஷன் (வானத்துல அட்சரேகை மாதிரி) மைனஸ் 30க்கு வடக்கன்னா பான்-ஸ்டார்ஸ்ங்கற சர்வேயோட ஆர்க்கைவ்ல அநேகமா பழைய படம் கெடைக்கும், அதே ஃபில்டரா பாத்து எடுங்க, ஹாட்பேண்ட்ஸ் மாதிரி சாஃப்ட்வேர் ரெண்டு படத்தோட ஷார்ப்னஸையும் சமமாக்கிக் கழிச்சுக் குடுக்கும். மேக்னிட்யூட்லேர்ந்து மேக்னிட்யூட்ட நேரா கழிக்கவே கூடாது, ஃப்ளக்ஸா, அதாவது நெஜமா வர்ற வெளிச்ச அளவா, மாத்திட்டுத்தான். அஞ்சு மேக்னிட்யூட் வித்தியாசம்னா வெளிச்சத்துல 100 மடங்குன்னு 1856ல வரையறுத்த நார்மன் போக்சன், 1861லேர்ந்து நம்ம மெட்ராஸ் அப்சர்வேட்டரிலதான், நுங்கம்பாக்கத்துல, வேலை பாத்தார். அந்த ஊர்ல உக்காந்து இதுல தப்பு பண்ணா எனக்கு மனசு ஆறாது.

பழைய படம் கெடைக்கலன்னா சூப்பர்நோவா நல்லா மங்கற வரைக்கும் காத்திருந்து எடுங்க, ஒரு வருஷத்துக்கு மேலயும் ஆகலாம். அவசரப்பட்டு எடுத்தா டெம்ப்ளேட்லயே சூப்பர்நோவா வெளிச்சம் இருக்கும், அதையும் சேர்த்துக் கழிச்சு இப்ப எதிர்ப்பக்கம் தப்பு வரும்.

ஸ்பெக்ட்ரம்லயும் அதே கேலக்ஸி

ஒல்லியா ஒரு ஹைட்ரஜன் கோடு தெரிஞ்ச உடனே டைப் டூ-என், அதாவது சுத்தி இருக்கற கேஸ்ல மோதற வகைன்னு எழுதிடாதீங்க. பக்கத்துல நைட்ரஜன், சல்ஃபர் கோடும் ஒல்லியா நின்னா அது பெரும்பாலும் கேலக்ஸில இருக்கற கேஸ் மேகம். ஸ்லிட் (வெளிச்சம் உள்ள போற ஒல்லியான பிளவு) நீளத்துக்கும் அந்தக் கோடு பரவியிருக்கான்னு ரா இமேஜ்ல பாருங்க, எக்ஸ்ட்ராக்ட் பண்ண ஒத்த வரில அது தெரியாது.

நேரம்

யுடிசி (உலகப் பொது நேரம்) மட்டும். ஜூலியன் தேதி (வானியல்ல நாளுங்கள வரிசையா எண்ணற எண்) மாறறது நம்மூர்ல சாயந்திரம் 5:30க்கு.

சூப்பர்நோவா தெரியாத ராத்திரிய தூக்கிப் போடறது

எந்த மேக்னிட்யூட் வரைக்கும் பாத்தும் தெரியலன்னு ஒரு வரி எழுதி வைங்க, வெடிச்ச தேதிய அத வெச்சுத்தான் நெருக்கிப் பிடிக்க முடியும். 2023ஐஎக்ஸ்எஃப்ப ஜப்பான்ல இருந்து கொய்ச்சி இடகாகி மே 19 கண்டுபிடிச்சார், அதுக்கு முன்னாடி அமெச்சூர்கள் எடுத்து வெச்சிருந்த படங்கள்ல தெரிஞ்சது, தெரியாதது ரெண்டையும் வரிசையா வெச்சுத்தான் வெடிச்ச நேரத்த அவ்ளோ கிட்டக்க சொல்ல முடிஞ்சுது.