குழந்தைகளுக்கு மாக் ஆன்டிபாடி பரிசோதனை: எங்கெல்லாம் சறுக்குகிறது?

காய்ச்சல் விட்டு ஒரு வாரம்கூட ஆகாத குழந்தை தூங்கி வழிகிறது, நடை தள்ளாடுகிறது. இன்னொரு குழந்தைக்கு இரண்டே நாளில் ஒரு கண் மங்கிவிட்டது. எம்.ஆர்.ஐ. எடுத்தால் மூளையிலோ தண்டுவடத்திலோ கண் நரம்பிலோ நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையில் அழற்சியின் அடையாளம். இந்தக் கட்டத்தில் மயலின் உறையின் மேற்பரப்பில் உள்ள மாக் (MOG) புரதம், செல்களின் நீர்வழிப் புரதமான அக்வாபோரின்-4 ஆகியவற்றைத் தாக்கும் இரண்டு ஆன்டிபாடிகளையும் சேர்த்தே கேட்க வேண்டும். அடெம், அதாவது பெரும்பாலும் தொற்றுக்குப் பின் மூளையிலும் தண்டுவடத்திலும் திடீரெனப் பரவும் மயலின் அழற்சி, வந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மாக் பாசிட்டிவாக வரும். அக்வாபோரின்-4 குழந்தைகளிடம் அரிதுதான். ஆனால் அதைத் தவறவிட்டு, மயலினைத் தாக்கும் வேறொரு நோயான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று எண்ணி அதற்கான இன்டர்ஃபெரான் பீட்டாவோ ஃபிங்கோலிமாடோ தொடங்கினால் நோய் முற்றிவிடக்கூடும்.

அடிக்கடி நடக்கும் தவறு, சிகிச்சை தொடங்கியபின் இரத்தம் எடுப்பது. பிளாஸ்மா மாற்றம் (இரத்தத்தின் நீர்ப்பகுதியை அகற்றி மாற்றுவது) செய்தால் ஆன்டிபாடியே வெளியேறிவிடும். இம்யூனோகுளோபுலின் ஊசியில் இருப்பது பலருடைய ஆன்டிபாடிகளின் தொகுப்பு என்பதால் அது முடிவைக் குழப்பும். ஸ்டீராய்டு மருந்து ஆன்டிபாடியின் அளவைக் குறைக்கும். ஆகவே முதல் டோஸுக்கு முன்பே 3 மி.லி. இரத்தம் எடுத்துவிடுங்கள். எந்தப் பரிசோதனை என்று இன்னும் முடிவாகாவிட்டாலும் இரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிந்த நீரான சீரத்தைப் பிரித்து வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு நேர் எதிரான தவறு இன்னும் ஆபத்தானது. முடிவு வரட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடவே கூடாது. முடிவு வர நாட்கள் ஆகும், பார்வை நரம்பு அதுவரை பொறுக்காது. தொற்று இல்லை என்று மருத்துவர் தெளிவானதும் மெதில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு உடல் எடையில் கிலோவுக்கு 20 முதல் 30 மி.கி., நாளொன்றுக்கு அதிகபட்சம் 1 கிராம், 3 முதல் 5 நாட்கள் என்பது வழக்கமான முறை. இரத்தம் குழாயில் ஏறிவிட்டால் மருந்துக்குத் தடையில்லை.

குழாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். உறைதல் தடுப்பான் இல்லாத குழாயோ ஜெல் குழாயோ எடுங்கள். அறை வெப்பத்தில் அரை மணி நேரம் உறையவிட்டு, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, சீரத்தை மட்டும் வேறு குப்பிக்கு மாற்றுங்கள். அதை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் சில நாட்கள் வைக்கலாம். அதற்கு மேல் ஆகுமென்றால் மைனஸ் 20 டிகிரி. அவசரத்தில் முழு இரத்தத்தையே ஃப்ரீசரில் வைத்துவிடுபவர்கள் உண்டு. சிவப்பணுக்கள் உடைந்து, உருகும்போது குப்பி முழுக்கச் செக்கச்செவேலென்று இருக்கும், ஆய்வகம் திருப்பி அனுப்பிவிடும். அதற்குள் குழந்தைக்கு ஸ்டீராய்டு ஏறியிருக்கும், அந்த முதல் மாதிரி போனது போனதுதான்.

முதுகில் ஊசி போட்டு எடுத்த தண்டுவட நீரை மட்டும் அனுப்புவதும் சரியல்ல. இந்த இரண்டு ஆன்டிபாடிகளும் பெரும்பாலும் உடலின் இரத்தப் பக்கத்தில்தான் உருவாகின்றன, அதனால் சீரமே முதன்மை மாதிரி. சீரம் நெகட்டிவாகி, சந்தேகம் வலுவாக நீடித்தால் தண்டுவட நீரையும் பார்க்கலாம். தண்டுவட நீரில் தனியாக ஆன்டிபாடி உருவாகிறதா என்று காட்டும் ஒலிகோகுளோனல் பட்டைகளுக்கு மட்டும் ஒரே நேரத்தில் எடுத்த சீரமும் தண்டுவட நீரும் இரண்டும் தேவை. வலிப்பும் நடத்தை மாற்றமும் இருக்கும் குழந்தைக்கு மூளைச் செல்களின் என்.எம்.டி.ஏ. ஏற்பியைத் தாக்கும் ஆன்டிபாடியையும் தண்டுவட நீரில் கேளுங்கள். மாக்கும் அதுவும் ஒரே குழந்தையிடம் சேர்ந்து வருவதுண்டு.

அடுத்தது பரிசோதனை முறை. புரதத்தைத் தட்டில் ஒட்டிவைத்துச் சோதிக்கும் எலைசா முறையில் மாக் புரதம் தன் இயல்பான மடிப்பை இழந்துவிடுகிறது. மடிப்பு குலைந்த புரதத்தில் ஒட்டும் ஆன்டிபாடி நோயைக் காட்டாது. மனித மாக் புரதத்தை முழுமையாகத் தன் மேற்பரப்பில் தாங்கிய செல்களைக் கொண்டு செய்யும் பரிசோதனையையே கேட்க வேண்டும். அதில் குழந்தையின் சீரத்தைச் செல்கள் மீது ஊற்றி, ஒளிரும் சாயம் சேர்த்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பாசிட்டிவ் என்றால் செல்லின் ஓரம் முழுக்கப் பச்சை வளையம் பளிச்சென்று தெரியும். மங்கலான வளையத்தைத் தீர்மானிப்பது பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்தது, எனவே சீரத்தை எத்தனை மடங்கு நீர்த்தாலும் பாசிட்டிவ் தெரிகிறது என்பதைச் சொல்லும் டைட்டர் எண் அவசியம்.

'பாசிட்டிவ்' என்ற ஒற்றைச் சொல்லோடு வரும் ரிப்போர்ட் போதாது. 2023-இல் வெளியான சர்வதேச அளவுகோலின்படி, செல்களை நிலைப்படுத்திச் செய்யும் பரிசோதனையில் டைட்டர் 1:100 அல்லது அதற்கு மேல் இருந்தால் தெளிவான பாசிட்டிவ். 1:10 அல்லது அதற்கு மேல், ஆனால் 1:100-க்குக் கீழ் என்றால் குறைந்த பாசிட்டிவ். குறைந்த பாசிட்டிவை நோய் என்று சொல்ல அக்வாபோரின்-4 நெகட்டிவாக இருக்க வேண்டும், நோய்க்குறியோ எம்.ஆர்.ஐ.யோ துணை நிற்க வேண்டும். எந்த அளவாக இருந்தாலும், வேறு நோய் இன்னும் பொருத்தமாக இருந்தால் அதுவே முன்னுரிமை.

தலைவலி, மயக்கம் என்று வரும் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தப் பரிசோதனையை எழுதுவது பெற்றோரைத்தான் வதைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பரிசோதனை நூற்றுக்கு இரண்டு பேரைத் தவறாகப் பாசிட்டிவ் என்கிறது என்று வைத்துக்கொள்வோம். காரணமின்றி 1000 குழந்தைகளைச் சோதித்து, அவர்களில் 5 பேருக்கே உண்மையில் நோய் இருந்தால், அந்த 5 பேரோடு சுமார் 20 ஆரோக்கியமான குழந்தைகளும் பாசிட்டிவாவார்கள். கண் நரம்பு அழற்சி, தண்டுவட அழற்சி, அடெம், மூளைப் புறணியில் அழற்சியோடு வலிப்பு போன்ற அடையாளங்கள் உள்ள குழந்தைக்கே இதை எழுதுங்கள்.

ஒரு நெகட்டிவோடு கோப்பை மூடிவிடுவதும் தவறுதான். இம்யூனோகுளோபுலினோ பிளாஸ்மா மாற்றமோ ஆனபின் எடுத்த மாதிரி என்றால் 1 முதல் 3 மாதம் கழித்து மீண்டும் எடுக்கலாம். மறு தாக்குதல் வந்தால் அப்போதே எடுக்கலாம்.

பாசிட்டிவானவர்களுக்கு, முதல் தாக்குதலிலேயே ஆண்டுக்கணக்கில் நோயெதிர்ப்பை ஒடுக்கும் மருந்து தேவை என்று பதற வேண்டியதில்லை. பல குழந்தைகளுக்கு ஒரே தாக்குதலோடு நின்றுவிடுகிறது, ஆன்டிபாடியும் மாதங்களில் மறைகிறது. மறையாமல் இருந்தால் மறுபடி வரும் வாய்ப்பு கூடுதல் என்று கவனிக்கலாம், ஆனால் எண்ணுக்கு மட்டும் மருந்து கொடுக்க முடியாது. 6 மாதம், 12 மாதம் என்று திரும்பப் பார்க்கும்போது அதே ஆய்வகம், அதே முறையாக இருக்கட்டும். ஓர் இடத்தின் 1:100-ஐ வேறு இடத்தின் 1:320-உடன் ஒப்பிட்டு 'ஏறிவிட்டது' என்று சொல்ல முடியாது. அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆய்வகத்தின் பெயர், முறை, டைட்டர், இரத்தம் எடுத்த தேதி, அது எந்த மருந்துக்கு முன் அல்லது பின் என்ற ஐந்தையும் எழுதிக்கொடுங்கள். எழுதவில்லை என்றால் பெற்றோர் கேட்டு வாங்குங்கள்.