உயில் எழுதுவது எப்படி? புரோபேட் எதற்கு?

உயில் எழுத வெள்ளைத்தாளே போதும். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. எழுதியவர் போன பிறகு யாராவது "இது அவர் கையெழுத்தே இல்லை" என்று கிளம்பும்போதுதான் தலைவலி. அதை மனதில் வைத்தே ஒவ்வொரு வரியையும் எழுதுங்கள்.

முதலில், உயில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய சொத்தில் மனைவி, மகன், மகள், அம்மா எல்லோருக்கும் சமபங்கு. இந்த அம்மாவை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்றால் அம்மாவுக்குக் கால் பங்கு; அவரும் உயில் எழுதாமல் காலமானால் அந்தக் கால் பங்குக்கு இறந்தவரின் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளும் பாத்தியப்பட்டவர்கள், அப்புறம் வீட்டை விற்கப் போனால் அத்தனை பேர் கையெழுத்துக்கும் அலைய வேண்டும்.

அடுத்து சொத்துப் பட்டியல். கிரயப் பத்திர எண், சர்வே எண், வங்கிக் கணக்கு, நகை எல்லாம் அதில் வரட்டும். பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டும்தான் உயிலில் எழுத முடியும். "பேங்கில் நாமினி போட்டாச்சே" என்று விட்டுவிடாதீர்கள். டெபாசிட் பணத்தை நாமினி வாங்கலாம், ஆனால் அது வாரிசுகளுக்குச் சேர வேண்டியது. பங்குகளுக்கும் இதேதான் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எழுதும்போது "வீடு மனைவிக்கு, அவருக்குப் பின் மகனுக்கு" என்று மொட்டையாக எழுதுவதுதான் பாதி வழக்குகளின் விதை என்பேன். மனைவி அதை விற்கலாமா, கூடாதா? விற்கலாம் என்றால் "சர்வ சுதந்திர பாத்தியத்துடன்" என்று எழுதி அதோடு நிறுத்துங்கள். கூடாது என்றால் "ஆயுள்வரை அனுபவிக்க மட்டும், விற்கவோ அடமானம் வைக்கவோ உரிமையில்லை" என்று போடுங்கள். சொன்னதை நிறைவேற்ற நம்பிக்கையான ஒருவரை எக்சிகியூட்டராக நியமிப்பது நல்லது.

சாட்சிகள் குறைந்தது இரண்டு பேர். நீங்கள் கையெழுத்துப் போடுவதை அவர்கள் பார்க்க வேண்டும், உங்கள் முன்னாலேயே அவர்களும் போட வேண்டும். உங்களைவிட வயதில் இளையவர்கள், சொத்தில் பங்கு வராதவர்கள், தேடினால் கிடைப்பவர்கள் என்று பார்த்துப் பிடியுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த உயிலாக இருந்தாலும், வழக்கு என்று வந்தால், உயிரோடு இருக்கும் சாட்சி ஒருவராவது கோர்ட்டுக்கு வந்து சொல்ல வேண்டும். வயதானவர் என்றால் அன்றைய தேதியில் டாக்டர் சர்டிபிகேட் ஒன்றும் வாங்கிவிடுங்கள்.

சரி, புரோபேட்? உயில் உண்மையானதுதான் என்று நீதிமன்றம் தன் முத்திரையோடு கொடுக்கும் சான்று. சென்னை நகர எல்லைக்குள் எழுதிய உயிலுக்கும், அங்குள்ள வீடு, மனை பற்றிய உயிலுக்கும் இந்துக்கள் இதைக் கட்டாயம் வாங்க வேண்டியிருந்தது. மதுரைக்காரருக்கு மதுரைச் சொத்து என்றால் அந்தக் கட்டாயம் இல்லை. இந்தக் கட்டாயத்தை விதித்த, இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவையே 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. ஆனாலும் வாரிசுகளுக்குள் சண்டை இருந்தால் இப்போதும் புரோபேட் வாங்கிக்கொள்வதே பாதுகாப்பு.

ஒரிஜினலை உங்கள் பெயரில் மட்டும் இருக்கும் லாக்கருக்குள் பூட்டாதீர்கள். அதைத் திறக்கவே வாரிசுகள் காகிதங்களோடு பேங்குக்கு நடக்க வேண்டிவரும். எக்சிகியூட்டரிடம் இடத்தைச் சொல்லிவிடுங்கள்.