பக்காவ் (கடலோரச் சேற்றில் வளரும் சதுப்புநில மரம்) கன்று நடப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

கடலோரத்தில் வெறுமையாகத் தெரியும் சேற்றைப் பார்த்ததும் அங்கேயே நட்டுவிடுவதுதான் பெரிய தவறு. அந்தச் சேறு சும்மா கிடக்கவில்லை. பினாங்குப் பெருநிலத்தில் தெலுக் ஆயர் தாவார் முதல் கோல மூடா வரையிலான சேற்றுத் திட்டில்தான் வலசைப் பறவைகள் இரை தேடுகின்றன. கெராங் என்ற சிப்பி கிடைப்பதும் இப்படிப்பட்ட சேற்றில்தான். அங்கே நட்டாலும் பிழைக்காது. நாளின் பெரும்பகுதி மூழ்கிக் கிடக்கும் கன்றில் கொட்டலசு என்ற ஓட்டுயிரி அப்பும். பாரம் தாங்காமல் தண்டு சாயும், அலை பிடுங்கிவிடும். கடல் முகப்பில் முதலில் எழும்புவது அப்பி-அப்பி என்ற இன்னொரு சதுப்புநில மரம். அது சேற்றைப் பிடித்த பிறகு, அதன் பின்னால்தான் பக்காவுக்கு இடம். உள்ளூர் மீனவர்களைக் கேட்டால் கடல் எத்தனை மணிக்கு வற்றும் என்பது வரை சொல்வார்கள். பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கம் பல ஆண்டுகளாக நடும் வேலையில் இருக்கிறது.

ஆற்றங்கரையில் இடம் வேண்டும் என்று பெரெம்பாங் மரத்தை வெட்டவே வெட்டாதீர்கள். நிபோங் திபாலில் கிரியான் ஆற்று மின்மினிகள் கூடுவது அதில்தான்.

பக்காவ் விதை மரத்திலேயே முளைத்து, பச்சைக் குச்சியாகத் தொங்கும். பச்சையாக இருக்கிறதே என்று இழுத்துப் பறித்தால் அது முற்றாத குச்சி. தலைப்பக்கத்து வளையத்தைப் பாருங்கள்: பக்காவ் மிஞ்ஞாக் வகையில் செம்பழுப்பு, பக்காவ் குராப் வகையில் மஞ்சள் நிறம் வந்திருக்க வேண்டும். முற்றியது லேசாகத் தொட்டாலே கையோடு வரும். ஒரு வாரம் நிழலில் வைத்து நட்டால் நண்டு கடிப்பது குறையும்.

கூர்முனையைத் துளிர் என்று நினைத்து மேலே வைப்பவர்கள் உண்டு. அதுதான் வேர்ப்பக்கம், கீழே போக வேண்டும். நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு சேற்றுக்குள் இறங்கினால் போதும். இடைவெளிக்கு, பேராக்கின் மாத்தாங் காட்டில் மிஞ்ஞாக்குக்கு 1.2 மீட்டர், குராப்புக்கு 1.8 மீட்டர் விடுகிறார்கள்.

பைக்கன்று என்றால் பிளாஸ்டிக் பையைக் கழற்றி, வீட்டுக்கே எடுத்து வாருங்கள். செருப்பு சேற்றில் மாட்டிக்கொள்ளும். காலை இறுக்கிப் பிடிக்கும் 'அடிடாஸ் கம்போங்' ரப்பர் காலணிதான் சரி.

மூன்று மாதம் கழித்துப் போய், வலைத்துண்டு சுற்றிய கன்றுகளை விடுவியுங்கள். அங்கொன்றும் இங்கொன்றும் செத்திருந்தால் அந்த இடத்தில் மறுபடி நடலாம். ஒரு பகுதி முழுக்கச் செத்திருந்தால் அதே இடத்தில் மீண்டும் நடாதீர்கள். நீர்மட்டம் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள்.