விஎஸ் கோடில் ஷார்ட்கட் ஓடவில்லையா? முதலில் லேஅவுட்டைப் பாருங்கள்

நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடில் கண்ட்ரோலோடு / விசையை அழுத்தினால் அந்த வரி கமென்ட் (இயங்காத குறிப்பு) ஆகிவிடும் என்றுதான் எல்லோருக்கும் சொல்லித்தருகிறார்கள். அமெரிக்க லேஅவுட்டில் (எந்த விசை எந்த எழுத்தைத் தரும் என்ற அமைப்பு) அது சரி. ஜெர்மன் லேஅவுட்டிலோ / குறியே ஷிஃப்டும் 7-ம் சேர்ந்தால்தான் வரும். தமிழ்99 என்ற தமிழ் லேஅவுட்டில், அமெரிக்க லேஅவுட்டின் / விசை ழ தரும். உங்கள் விரலில் தவறில்லை, கீபோர்டும் பழுதாகவில்லை.

ஒவ்வொரு விசைக்கும் இரண்டு அடையாளங்கள் உண்டு: அது இருக்கும் இடம், அது தரும் எழுத்து. லேஅவுட் மாறினால் எழுத்துதான் மாறும், இடம் அப்படியே இருக்கும். உங்கள் ஷார்ட்கட் இந்த இரண்டில் எதை நம்பியிருக்கிறது என்பதே கேள்வி.

படி 1: எடிட்டர் என்ன நினைக்கிறது என்று பாருங்கள். கண்ட்ரோல்+கே, அடுத்து கண்ட்ரோல்+எஸ் அழுத்தினால் ஷார்ட்கட் பட்டியல் திறக்கும். 'டாகிள் லைன் கமென்ட்' என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். விண்டோஸில் ஜெர்மன் லேஅவுட் என்றால் அங்கே கண்ட்ரோல்+# என்று இருக்கும். பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும். புதிய விசையைப் பழகிக்கொண்டால் போதும்.

படி 2: அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லையா? எஃப்1 அழுத்தி, 'டாகிள் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் ட்ரபிள்ஷூட்டிங்' கட்டளையை ஓட்டுங்கள். இனி நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் எடிட்டர் எப்படிப் புரிந்துகொள்கிறது என்பது அவுட்புட் பகுதியில் வரிவரியாக வரும். ஊகிப்பதைவிட இதை ஒருமுறை வாசிப்பது எவ்வளவோ மேல்.

படி 3: மாற்றுங்கள். பட்டியலில் அந்த வரியை இருமுறை கிளிக் செய்து, பிடித்த விசைகளை அழுத்தி என்டர் தட்டுங்கள். இப்படி வைத்தால் ஷார்ட்கட் எழுத்தைப் பின்தொடரும்.

இடத்தோடு கட்டிப்போட வேண்டுமானால் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. எஃப்1 வழியாக ஷார்ட்கட்டுகளை எழுத்தாகச் சேமித்துவைக்கும் ஜேசன் கோப்பைத் திறங்கள். நீங்கள் இப்போது மாற்றியது அங்கே இருக்கும். அதில் விசையின் பெயரை மட்டும் சதுர அடைப்புக்குள், அமெரிக்க லேஅவுட்டில் அந்த இடத்துக்கு உள்ள பெயராக, ஆங்கில எழுத்தில் எழுதுங்கள்: கண்ட்ரோல்+[ஸ்லாஷ்] என்பதுபோல. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் அடிக்கடி மாறி மாறித் தட்டுபவர்களுக்கு இது பெரிய நிம்மதி. குறியீட்டு விசைகளை இடத்தோடு கட்டுங்கள். சி, இசட் போன்ற எழுத்து விசைகளை எழுத்தோடே விட்டுவிடுங்கள். காப்பி, அன்டூ எல்லாம் எழுத்தாகத்தான் மனதில் பதிந்திருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. விண்டோஸில் ஆல்ட்ஜிஆர் விசை (வலப்பக்க ஆல்ட்) கண்ட்ரோல்+ஆல்ட் ஆகவே கணக்காகும். ஜெர்மனில் ஆல்ட்ஜிஆர்+க்யூ அழுத்தினால்தான் @ வரும். ஆகவே கண்ட்ரோல்+ஆல்ட்+க்யூவை ஷார்ட்கட்டாக வைக்காதீர்கள். @ தட்டப்போய் வேறு கட்டளை ஓடிவிடலாம்.

லினக்ஸில் லேஅவுட் மாறியதையே எடிட்டர் கவனிக்காவிட்டால், செட்டிங்ஸில் 'கீபோர்டு டிஸ்பேட்ச்' என்பதை 'கீகோடு' என்று மாற்றிவிட்டு, எடிட்டரை மூடித் திறங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு வெற்றுக் கோப்பில் @ { [ \ நான்கையும் தட்டிப் பாருங்கள். ஏதாவது வராவிட்டால், நீங்கள் புதிதாக வைத்த ஷார்ட்கட் அதைப் பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். படி 2-ஐ மறுபடி ஓட்டினால் எது என்று தெரியும்.